கண் தெரியாத டீச்சர்

அன்றைக்கு அந்த வகுப்பறையில் இருந்தவர்கள்: கரும்பலகைக்கு முன்னால் ரொட்டியக்கா, கடைசி பெஞ்சில், கால் நீட்ட இடம் போதாமல் ஒருக்களித்து உட்கார்ந்திருந்த பயிற்சி நிலைய விரிவுரையாளர், இரண்டு வரிசையாகப் பிள்ளைகள், அவர்களில் ஜன்னலோரமாக, முன்பல் இரண்டும் விழுந்திருந்த ஒரு சிறுமி, பெஞ்சுக்கு அடியில், யாருடையது என்று யாரும் ஒப்புக்கொள்ளாத ஒரு நாய். நாயையும் சேர்த்துக்கொள்ளக் காரணம் உண்டு. அந்தப் பாடவேளை முழுவதும் ரொட்டியக்காவைத் தவிர வாயைத் திறந்தது அது ஒன்றுதான். அதுவும் கொட்டாவி விட.

ரொட்டியக்கா கையில் ஒரு படம் வைத்திருந்தாள். கலர் காகிதம் வெட்டி ஒட்டிய கூடை. அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள்.

"இது என்ன? யார் சொல்றீங்க?"

யாரும் சொல்லவில்லை.

"பாத்திருக்கீங்கதானே? சொல்லுங்க, இது என்ன?"

பிள்ளைகள் அவளையே பார்த்தார்கள். சிலர் கூடையைப் பார்த்துவிட்டு மறுபடி அவளைப் பார்த்தார்கள். அவள் அடுத்த படத்தை எடுத்தாள். மேளம். அடுத்தது மீன். அடுத்தது வீடு. கை வலித்தது. அக்குள் வியர்த்தது. கடைசி பெஞ்சில் சிவப்பு மை பேனா ஒரு கோடு போடும் சத்தம் தனியாகக் கேட்டது. அந்தப் பேனாவால்தான் அவருக்குச் 'சிவப்புப் பேனா' என்று பயிற்சி நிலையத்தில் பெயர்.

அவளுக்கு 'ரொட்டியக்கா' என்ற பெயரும் அங்கே வந்ததுதான். பல வருஷம் ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டிவிட்டு, நரை எட்டிப் பார்க்கிற வயதில் ஆசிரியப் பயிற்சிக்கு வந்து சேர்ந்தவள். கூடப் படிப்பவர்கள் எல்லாம் மீசை இப்போதுதான் அரும்பியவர்களும், கண்ணாடி பார்த்தே பொழுது போக்குகிறவர்களும். அவர்கள் வைத்த பெயர். அவளுக்கு அதில் வருத்தமில்லை. ரொட்டி கெட்ட வார்த்தையா என்ன?

அந்தப் பள்ளிக்கூடம் மேட்டில் இருந்தது. கீழே இருக்கிற ஊர் ஊராவதற்கு முன்பே அங்கே குடியிருந்தவர்கள் மேட்டு ஜனங்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தத் தனியாகப் பயிற்சி என்று அரசாங்கம் தொடங்கியதில்தான் அவள் சேர்ந்திருந்தாள். 'அவர்கள் பண்பாட்டிலிருந்து பாடத்தைத் தொடங்க வேண்டும்' என்பது பயிற்சியின் முதல் வரி. அதற்காக ஒரு வாரம் எல்லோரும் தரையில் உட்கார்ந்து கலர் காகிதத்தில் மேளமும் கூடையும் இறகும் வெட்டினார்கள். மேட்டில் யாரும் கூடை வைத்திருந்து ரொட்டியக்கா பார்த்ததில்லை. எல்லார் வீட்டிலும் பிளாஸ்டிக் வாளிதான். அவளுக்கு அது தெரியும். அவள் கட்டிக்கொண்டவரே மேட்டுக்காரர். தெரிந்தும் வெட்டினாள். வெட்டினால் மார்க்.

பாடம் முடிந்து வெளியே குழாயடியில் நின்றார்கள். மழை விட்டிருந்தது. சிவப்புப் பேனா மூக்குக் கண்ணாடியைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பாடம் மோசமில்லம்மா. படமெல்லாம் அழகா இருக்கு. ஆனா ஒரு பிள்ளைகூட வாயைத் திறக்கலையே. 'கேள்வி கேட்கும் திறன்'னு ஒரு கட்டம் இருக்கு. அதுல நான் என்னத்தை எழுதறது?"

"பயந்த பிள்ளைங்க சார்."

"பயந்த பிள்ளை தரையைப் பாக்கும். இதுங்க உங்க மூஞ்சியைப் பாக்குதுங்க. அதுவும் எப்படி? ஏதோ சீக்காளியைப் பாக்கற மாதிரி."

அவள் படங்களைப் பைக்குள் திணித்தாள்.

"இன்னும் ஒரு தடவை வாய்ப்பு உண்டு. அடுத்த வாரம் வரேன். அதுலயும் இப்படித்தான்னா பயிற்சியிலேர்ந்து எடுத்துடுவாங்க. என் கையில ஒண்ணுமில்ல, பாத்துக்கங்க."

ரொட்டித் தொழிற்சாலையில் அவள் இடத்துக்கு வேறொருத்தி வந்துவிட்டாள். திரும்பிப் போக முடியாது. இதுவும் போனால் கிணறும் இல்லை, கயிறும் இல்லை.

*

அவர்கள் குடியிருந்தது ஐஸ் தொழிற்சாலைக்குப் பின்புறம், ஒற்றை அறை. சுவர் எப்போதும் ஈரமாக இருக்கும். கோடையில் சொர்க்கம், மழைக்காலத்தில் மூட்டுவலி. புருஷன் அங்கே ராத்திரி வேலை. இருட்டும்போது போய், விடியும்போது கைவிரல் வெளுத்து வருவார். தெருவில் அவரை ஐஸ்காரர் என்பார்கள். வேலையை வைத்துச் சொன்னார்களோ பேச்சை வைத்துச் சொன்னார்களோ, இரண்டுக்கும் பொருந்தியது. அவ்வளவாகப் பேசமாட்டார்.

அன்று சாயங்காலம் நாத்தனார் வந்திருந்தாள். ஐஸ்காரருக்கு அக்கா. ஆஸ்பத்திரித் துணி துவைக்கிற வேலை. எங்கே வந்தாலும் சலவைச் சோடா வாசனை முன்னால் வந்து கதவைத் தட்டும். மேட்டில்தான் குடியிருந்தாள். வந்ததும் வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்துவிட்டாள். அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. ஐஸ்காரர் சுவரோரம் உட்கார்ந்து பூட்ஸுக்குள் பழைய பேப்பரைத் திணித்துக்கொண்டிருந்தார்.

"உனக்குக் கண்ணு எப்பலேர்ந்து இப்படி இருக்கு?" என்றாள் நாத்தனார்.

"எப்படி?"

"வெக்கப்படாதே. எங்க வார்டுல கண்ணு பாக்கற டாக்டர் ஒருத்தர் இருக்கார். நல்ல மனுஷன். நான் கூட்டிட்டுப் போறேன்."

"எனக்குக் கண்ணுல ஒண்ணும் இல்ல அண்ணி!"

"மேடு முழுக்கப் பேசிக்கறாங்க. அந்தப் பல்லு விழுந்த குட்டி வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டா. பாவம் அந்த டீச்சர், கூடையைக் கையிலயே வெச்சுக்கிட்டு இது என்னன்னு கேக்கறாங்க, வீட்டைக் காட்டி இது என்னன்னு கேக்கறாங்க, யாராச்சும் கூட்டிட்டுப் போய்க் கண்ணாடி வாங்கிக் குடுங்கன்னு. அவங்க அம்மா எங்கிட்ட வந்து, உன் தம்பி பொண்டாட்டிக்கு நாங்க எல்லாரும் சேர்ந்து ஏதாச்சும் செய்யறோம்னு சொல்றா."

ரொட்டியக்காவுக்கு முகம் சூடாகிவிட்டது. சிரிக்கிறாளா என்று நாத்தனாரைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. வெங்காயக் கண்ணீரோடு, நிஜமான கவலையோடு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, அது கூடைன்னு எனக்குத் தெரியும். நானே வெட்டி ஒட்டினது."

நாத்தனார் கத்தியைக் கீழே வைத்தாள். "அப்பறம் எதுக்குக் கேட்ட?"

"பிள்ளைங்களுக்குத் தெரியுதான்னு பாக்கத்தான்."

நாத்தனார் தம்பியைப் பார்த்தாள். தம்பி பூட்ஸைப் பார்த்தார். பெரியவர்கள் கூடியிருக்கும் இடத்தில் யாரோ அசிங்கமாக ஒன்றைச் சொல்லிவிட்ட மாதிரி ஒரு அமைதி. பிறகு நாத்தனார், "கிழங்கு வெந்துடுச்சு, எறக்கு" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மழை மறுபடி பிடித்துக்கொண்டதைப் பற்றிப் பேசினார்கள். போகும்போது மட்டும் நாத்தனார் அவள் தலையைத் தடவிவிட்டுப் போனாள். ஏன் என்று ரொட்டியக்காவுக்குப் புரியவில்லை.

*

மறுநாள் காலை. அவர் வேலையிலிருந்து வரும் நேரமும் அவள் கிளம்பும் நேரமும் ஒன்று. வாசலில்தான் அவர்கள் குடும்பம் நடந்தது. அவர் உள்ளே வருவார், அவள் வெளியே போவாள். நடுவில் ரொட்டி எங்கே இருக்கிறது, டீ எங்கே இருக்கிறது என்று நாலு வார்த்தை. அவர் கதவைச் சாத்தி உள்ளே பூட்டிக்கொண்டு தூங்குவார். பழைய பூட்டு. சாவி சுற்றும் சத்தம் தெருமுனை வரை கேட்கும்.

அந்தச் சத்தம் கேட்ட பிறகும் அவள் வெளியிலிருந்து கேட்பாள்: "பூட்டினீங்களா?"

பதில் வராது. கல்யாணமான நாளிலிருந்து ஒரு நாளும் வந்ததில்லை.

அவள் பிறந்த வீட்டில் எல்லாமே கேள்விதான். வாசலில் வந்து நிற்கிறவனைப் பார்த்து "வந்துட்டியா?" என்பார்கள். தட்டில் கை வைத்திருக்கிறவளிடம் "சாப்பிடறியா?" என்பார்கள். தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட நிற்பவரிடம் "குளிச்சாச்சா?" கேட்டால் பிரியம், கேட்காவிட்டால் கோபம். இங்கே வந்து அவள் கேட்டதெல்லாம் சுவரில் எறிந்த பந்துகூட இல்லை. பந்தாவது திரும்பி வரும்.

அன்றைக்கு அவள் உடனே போகவில்லை. கதவைத் தட்டினாள். பூட்டு திறந்தது. பாதித் தூக்கத்தில் நின்றார்.

"என்ன?"

"பூட்டினீங்களான்னு கேட்டேன்."

அவர் கையிலிருந்த சாவியைப் பார்த்தார்.

"வாயில என்ன ஐஸா வெச்சிருக்கீங்க? எத்தனை வருஷமாக் கேக்கறேன், ஒரு 'ஆமா' சொன்னா கொறைஞ்சா போயிடுவீங்க? அங்கே பிள்ளைங்களும் இப்படித்தான், இங்கே நீங்களும் இப்படித்தான். மேட்டுக்காரங்க எல்லாரும் என்னைக் கல்லுன்னு நெனச்சுக்கிட்டிருக்கீங்க."

"சாவி சத்தம் உனக்குக் கேட்டுச்சு," என்றார் அவர்.

"கேட்டுச்சு."

"அப்பறம் எதுக்குக் கேக்கற?"

"அதுக்கு என்ன பதில் சொல்றது? சும்மா கேக்கறதுதான்!"

அவர் கதவில் சாய்ந்துகொண்டார். அவருக்கும் அது கஷ்டமான காரியம் என்பது முகத்தில் தெரிந்தது. இல்லாத வார்த்தையைத் தேடுகிற முகம்.

"வயிறு நெறஞ்சவன் வந்து சோறு குடுன்னு கை நீட்டினா எப்படி இருக்கும். அப்படி இருக்கும் எனக்கு. நீ ஏதோ விளையாடறேன்னு விட்டுடுவேன்." வெளுத்த விரல்களைத் தேய்த்துக்கொண்டார். "மொத நாள் பள்ளிக்கூடத்துல வாத்தியார் ஒரு தம்ளரைத் தூக்கிக் காட்டி, இது என்னடான்னார். எனக்கு அவரைப் பாத்துப் பாவமாப் போச்சு. இவ்வளவு பெரிய மனுஷனுக்குத் தம்ளர் தெரியல. எல்லார் எதிர்லயும் நான் சொன்னா அவர் மானம் போயிடுமேன்னு பேசாம நின்னேன்."

"அப்பறம்?"

"அடிச்சார்."

"அப்பறம்?"

"அப்பறம் நான் போகல."

இந்த இரண்டு 'அப்பற'த்துக்கும் அவர் உடனே பதில் சொன்னதை அவள் கவனித்தாள். அவளுக்குத் தெரியாத விஷயம், சொன்னார்.

"போய்த் தூங்குங்க," என்றாள்.

பஸ்ஸில் நிற்க இடமில்லை. கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வரும்போது அவளுக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. ரொட்டித் தொழிற்சாலைக்கு அவர் ஐஸ் கொண்டுவந்து போட்ட காலம். ஒரு நாள் பின்வாசலில் வைத்து, "உங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டுவிட்டாள். மூச்சு விடுவதற்குள் "பிடிச்சிருக்கு" என்றார். அவ்வளவு சீக்கிரம் யாரும் எதற்கும் பதில் சொல்லி அவள் பார்த்ததில்லை. கல்யாணத்துக்குப் பிறகு எத்தனையோ தடவை, தலைவலியில், சண்டையில், விளக்கை அணைக்கும்போது, அதே கேள்வியைக் கேட்டிருக்கிறாள். ஒரு தடவைகூடப் பதில் இல்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதிருக்கிறாள்.

மடச்சி. அவளுக்குத்தான் தெரியுமே. அதனால்தான் சொல்லவில்லை.

இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

*

பாடக் குறிப்பில் மூன்று பத்தி உண்டு: கேள்வி, எதிர்பார்க்கும் பதில், நேரம். இந்தத் தடவை நடுப்பத்தியைக் காலியாக விட்டு நீட்டினாள். சிவப்புப் பேனா தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் எழுதியிருப்பாளோ என்று.

"பதில் எங்க?"

"எனக்குத் தெரியாது சார்."

"டீச்சருக்கே பதில் தெரியலைன்னா எப்படிம்மா கேள்வி கேக்கறது?"

"தெரிஞ்சா எதுக்கு சார் கேக்கணும்?"

அவர் பேனாவின் மூடியைத் திறந்து, மறுபடி மூடினார். "வம்பு பண்றீங்க. இது கடைசி வாய்ப்பு, ஞாபகம் இருக்கட்டும்," என்றார்.

அவளுக்கும் பயம்தான். ஆனால் குறிப்பு எழுதுவதற்கு முன்பே அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. தனக்கு உண்மையாகவே தெரியாத, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றுகிற ஒன்று வேண்டும். பொய்யாகக் கேட்டால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடும். இரண்டு நாள் யோசித்திருந்தாள். புத்தகத்தில் இருப்பதெல்லாம் தெரிந்ததாக இருந்தது. தெரியாததெல்லாம் தேவையற்றதாக இருந்தது. மூன்றாம் நாள் விடியலில் ஐஸ்காரர் வந்து பூட்ஸைக் கழற்றும்போது, ஒரு ஐஸ் துண்டு தரையில் விழுந்து சறுக்கிக் கட்டிலுக்கு அடியில் போனது. அவள் குனிந்து பார்த்தாள்.

"எனக்கு ஒரு பாளம் ஐஸ் வேணும். பள்ளிக்கூடத்துக்கு."

"தரேன். மேடு ஏறறதுக்குள்ள கரைஞ்சிடும். அதுக்கு நீ என்ன பண்ணணும்னா, மொதல்ல..."

அவள் பாய்ந்துபோய் அவர் வாயைப் பொத்தினாள்.

"சொல்லாதீங்க! சத்தியமாச் சொல்லாதீங்க! எனக்குத் தெரியக் கூடாது."

அவருக்குக் கண் பிதுங்கியது. வாழ்நாளில் முதல் தடவையாகத் தானாக ஒன்றைச் சொல்ல வந்தார். அதற்கும் இந்தக் கதி. அவள் உள்ளங்கைக்கு அடியில் அவர் சிரிப்பது தெரிந்தது. மீசை குத்தியது. கொஞ்ச நேரம் கையை எடுக்காமலே இருந்தாள்.

*

அன்று காலையிலும் மழை. மேட்டுப் பாதை சேறாகிக் கிடந்தது. சிவப்புப் பேனா வந்து சேர்ந்தபோது அவர் கால்சட்டையில் இடுப்பிலிருந்து முழங்கால் வரை செம்மண். எங்கே விழுந்தார், எப்படி விழுந்தார் என்று யாரும் கேட்கவில்லை. பார்த்தாலே தெரிந்தது. ஒருக்களித்துக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நாயும் வந்திருந்தது.

பெஞ்சு மேல், வழியில் கரைந்தது போக மிச்சமிருந்த ஐஸ் பாளம். அடியில் தண்ணீர் கசிந்தது.

"இது சாயங்காலம் பள்ளிக்கூடம் விடற வரைக்கும் இருக்கணும்," என்றாள் ரொட்டியக்கா. "எல்லாருக்கும் ஒரு துண்டு குடுத்தனுப்பலாம்னு பாக்கறேன். எங்க வெச்சா, எப்படி வெச்சா இருக்கும்? எனக்குத் தெரியாது."

யாரும் அசையவில்லை. கடைசி பெஞ்சில் பேனா மூடி திறந்தது.

பல் விழுந்த சிறுமி எழுந்தாள். சந்தேகத்தோடு அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஐஸ்காரர் வீட்டுலதானே இருக்கீங்க. அவரைக் கேக்கலையா?"

"அவர் சொல்ல வந்தார். நான் வாயைப் பொத்திட்டேன்."

"எதுக்கு?"

"உங்களைக் கேக்கலாம்னு."

சிறுமி பக்கத்திலிருந்தவளைப் பார்த்தாள். யாரோ ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். ஐஸ்காரர் வாயை டீச்சர் பொத்துவதை நினைத்துப் பார்த்திருப்பான். சிரிப்பு வரிசையில் பரவியது. அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கத் தேவைப்படவில்லை.

"தண்ணித் தொட்டி ஓரத்துல வைங்க டீச்சர், அங்க செவுரு சில்லுனு இருக்கும்."

"டேய், தொட்டி ஓரத்துல வெயில் வரும்டா."

"இன்னிக்கு வெயிலே இல்லடா. உங்க வீட்டுலேர்ந்து கொண்டாந்தாத்தான் உண்டு."

"போர்வையில சுத்தணும்."

"போர்வை சுத்தினா சூடு ஆகும், அறிவாளி. ராத்திரி நீ போத்திக்கறது சூட்டுக்குத்தான்."

"நாய்க்கு அடியில வைக்காதீங்க, அது வயிறு அடுப்பு மாதிரி இருக்கும். நான்தான் தெனமும் கூடப் படுக்கறேன்." நாய் யாருடையது என்பதும் அன்று தெரிந்துவிட்டது.

சண்டை முற்றி, பாளத்தை உடைத்தே பார்ப்பது என்று முடிவானது. எல்லாத் துண்டும் ஒரே அளவு இருக்க வேண்டும் என்று ஒருத்தி கத்த, நூல் பிடித்து அளந்தார்கள். ஒன்று வாளித் தண்ணீருக்குள், ஒன்று போர்வைக்குப் பதிலாகச் சாக்குக்குள், ஒன்று வெறும் தரையில், ஒன்று ஜன்னல் காற்றில். மணியடிக்கும்போதெல்லாம் நூலால் அளந்து பலகையில் கோடு போட்டார்கள். தண்ணீர்தான் ஜெயிக்கும் என்று ரொட்டியக்கா நினைத்திருந்தாள். சொல்லியும் விட்டாள். வாளியில் போட்டது எல்லாவற்றுக்கும் முன்னால் காணாமல் போனது. சாக்குக்குள் இருந்தது கல் மாதிரி கிடந்தது. போர்வைக் கட்சிக்காரன் பெஞ்சு மேல் ஏறி நின்றுவிட்டான். "டீச்சர் தோத்துட்டாங்க!" என்று ஒரே கூச்சல். "தோத்துட்டேன். ஏன்னு யோசிங்கடா, எனக்கே வெளங்கல," என்றாள். அது நிஜமும் கூட.

சிவப்புப் பேனாவால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. கூட்டத்துக்குள் வந்து, மிச்சமிருந்த ஒரு துண்டைக் கையில் எடுத்து, அத்தனை வருஷப் பழக்கத்தில், முன்னால் நின்ற பையனைக் கேட்டார்:

"தம்பி, இது என்ன, சொல்லு?"

அடுப்பில் தண்ணீர் ஊற்றியது போல அறை அடங்கிவிட்டது. பையன் ஐஸைப் பார்த்தான், அவர் முகத்தைப் பார்த்தான். அவன் கண்ணில் இரக்கம். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். ஐஸ் அவர் விரலிடுக்கில் சொட்டியது.

ரொட்டியக்கா பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னாள்: "சார், உங்களுக்கு நிஜமாவே தெரியாத ஒண்ணைக் கேளுங்க."

அவருக்குச் சுருக்கென்றது. காது சிவந்தது. கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுக் கால்சட்டையில் துடைக்கப் போனார், அங்கே சேறு. கொஞ்ச நேரம் அந்தச் சேற்றையே பார்த்தார்.

"நான் வர்ற வழியில வழுக்கி விழுந்துட்டேன்," என்றார் பிள்ளைகளிடம். அவர் குரல் அப்படித் தாழ்ந்து அவள் கேட்டதில்லை. "எறங்கறதுக்கு வேற வழி ஏதாச்சும் இருக்கா?"

அத்தனை வாயும் ஒரே நேரத்தில் திறந்தது. தொட்டிக்குப் பின்னால் கல்பாதை இருக்கிறது என்றார்கள். அது சுற்று, எங்கள் வீட்டுக் கொல்லை வழியாகப் போகலாம் என்றார்கள். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஒருத்தன் பலகையில் வழியே வரைந்துவிட்டான். பல் விழுந்த சிறுமி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் காட்டறேன், என்னைப் புடிச்சுக்கங்க," என்றாள். அவர் தாளில் எதையும் எழுதாமல் பேனாவைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார்.

மார்க் பத்து நாள் கழித்து வந்தது. 'எதிர்பார்க்கும் பதில்' காலியாக இருந்ததற்காகக் குறைத்திருந்தார். சட்டம் சட்டம்தான் அவருக்கு. 'கேள்வி கேட்கும் திறன்' கட்டத்தில் முழு மார்க். கூட்டிப் பார்த்தால் எல்லைக்கோட்டில், ஒரு மயிரிழை மேலே. தேறிவிட்டாள். மேட்டுப் பள்ளிக்கூடமே கிடைத்தது. அதை வேறு யாரும் கேட்கவில்லை.

வேலையில் சேருகிற முதல் நாள். விடியலில் ஐஸ்காரர் வந்தார். விரலெல்லாம் வெளுத்திருந்தது. அவள் தலை வாரி, பையைத் தோளில் மாட்டி நின்றாள். "கிளம்பிட்டே," என்றார். கேள்வியாக இல்லை. பார்த்ததைச் சொன்னார்.

அவள் படியிறங்கித் திரும்பினாள். வாய் தானாகத் திறந்தது, வழக்கமான அந்த ஒரு வார்த்தைக்கு. மூடிக்கொண்டாள். பையின் வாரைச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது.

கதவிடுக்கில் அவர் நின்றுகொண்டே இருந்தார். அவளைப் பார்க்காமல் நிலையைப் பார்த்தார். குழந்தை முதல் தடவையாக ஆள் முன்னால் பேசுவது போலத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பூட்டிக்கறேன்," என்றார். சொல்லிவிட்டு, இவ்வளவு முட்டாள்தனமான ஒரு பேச்சைத் தான் பேசியதற்கு வெட்கப்பட்டு, அவள் முகத்தைப் பார்ப்பதற்குள் கதவைச் சாத்தினார். உள்ளே சாவி சத்தமாக ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு, தேவையே இல்லாமல், இன்னொரு சுற்று.